அந்தப் பொடியை வாங்காதீர்கள், சகோதரி!



சில வாரங்களுக்கு முன், இதே பக்கத்தில் ஒரு சகோதரி, தன் கணவரின் குடிப் பழக்கம் பற்றி மனம் நொந்து எழுதியிருந்தார். கடிதத்தின் முடிவில், 'குடிப்பவருக்குத் தெரியாமல், சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று இருக்கிறதாமே... அது எங்கே கிடைக்கும்?' என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரியைப் படித்ததும், என் கை நடுங்கி விட்டது. ஏனென்றால், அந்தப் பொடியை வாங்கிக் கலந்து கொடுத்தவள், நான். அதன் பின் நடந்ததை, எங்கள் சபையில் ஒரு சிலருக்குத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சகோதரிக்காக எழுதுகிறேன்.

எனக்கு வயது, ஐம்பதைத் தாண்டி விட்டது. தூத்துக்குடி பக்கம் எங்கள் ஊர். நாங்கள் கிறிஸ்தவர்கள். 1993ல் திருமணம். கணவர், லேத் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல தொழில்காரர். ஒரு பெண், ஒரு பையன். மாமியார் எங்களோடு தான் இருந்தார்.

முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தார். பிறகு, 'உடம்பு வலி' என்று சொல்லி, தினமும் ஒரு கட்டிங். பிறகு குவார்ட்டர். கடைசியில், காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே குடித்தாக வேண்டும் என்ற நிலை. பட்டறைக்கு வேலை கொடுத்தவர்கள் போன் செய்தால், 'அவருக்கு காய்ச்சல்' என்று நான் தான் பொய் சொல்வேன். அவர் வாங்கிய கடனை, நான் சீட்டுப் போட்டு அடைப்பேன். என் சங்கிலி அடகுக்குப் போனது. மாமியாரோ, 'வீட்டுக்காரி சரியா இருந்தா, அவன் ஏன் குடிக்கப் போறான்?' என்பார். கோயிலுக்குப் போனால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்பே எழுந்து வந்து விடுவேன். யாராவது, 'எங்க உங்க வீட்டுக்காரரைக் காணோம்?' என்று கேட்டு விடுவார்களோ என்ற பயம்.

அந்த நேரத்தில், 2009ல், பேருந்து நிலையத்தில் யாரோ கொடுத்த நோட்டீஸ் ஒன்று கையில் கிடைத்தது. 'குடியை மறக்கடிக்கும் மூலிகைப் பொடி. குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று அச்சிட்டிருந்தது. 1,500 ரூபாய். பிள்ளைகளின் ஸ்கூல் பீசுக்கு வைத்திருந்த பணத்தில் வாங்கினேன். அஞ்சறைப் பெட்டியில், சீரகத்துக்கு அடியில் ஒளித்து வைத்து, மீன் குழம்பில் கலந்து கொடுத்தேன்.

நான்காம் நாள் இரவு, குடித்து விட்டு வந்தவருக்கு, முகம் ரத்தமாய்ச் சிவந்தது. வாந்தி. 'நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது' என்று கத்தினார். உடம்பெல்லாம் வியர்த்து, சரிந்து விழுந்து விட்டார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் அம்மா என்னைத் தனியே அழைத்து, 'என்ன கொடுத்தீங்க? உண்மையைச் சொன்னா தான் காப்பாத்த முடியும்' என்றார். அழுதுகொண்டே பாக்கெட்டைக் கொடுத்தேன். அதில் எந்தப் பெயரும் இல்லை; தயாரித்தவர் முகவரியும் இல்லை.

'இதுல என்ன இருக்குன்னு, எனக்கே தெரியாதும்மா. குடிக்கிறவங்களுக்கு, டைசல்பிராம்னு ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டு விட்டுக் குடிச்சா, இப்படித்தான் வாந்தி, படபடப்பு வரும். ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கூட அந்த வேகம் உடம்பில் இருக்கும். அதனால, நோயாளியிடம் எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதிச்ச பிறகு, இதயம், கல்லீரல் எல்லாம் பரிசோதிச்சுட்டுத் தான் நாங்களே கொடுப்போம். தெரியாமக் கொடுக்கிறது, உயிரோட விளையாடுறது' என்றார்.

அன்றிரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் நினைத்தது ஒன்று தான்... 'குடியைக் கொல்லப் போய், புருஷனைக் கொல்லப் பார்த்தேனே!'

உயிர் பிழைத்தார். குடி மட்டும் நிற்கவில்லை.

அடுத்து நான் செய்த தவறையும் சொல்லி விடுகிறேன். 2010ல், வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, உபவாச ஜெபம் நடத்தினார். கெஞ்சிக் கூத்தாடி, கணவரை அழைத்துப் போனேன். வந்தவர், இவர் தலையில் கை வைத்து ஜெபித்து, 'இன்றோடு விடுதலை; இனி மருந்தும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம்' என்றார். இவரும் மனம் உடைந்து அழுதார். அன்றிரவிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. எனக்கோ, சந்தோஷம் தாங்கவில்லை.

மறு நாளே, கை காலெல்லாம் உதற ஆரம்பித்தது. அன்றிரவு ஒரு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள், 'சுவரெல்லாம் எறும்பு ஊருது பாரு' என்றார். செத்துப் போன தன் அப்பாவோடு பேசினார். மாமியார், 'பிசாசு வெளியேறுது' என்றார். நல்ல வேளை, என் தம்பி வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். ஐந்து நாள், தீவிர சிகிச்சைப் பிரிவு.

அப்போது தான் எனக்குத் தெரிந்தது... பல ஆண்டுகள் தினமும் குடித்தவர், திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இந்தப் பிதற்றலும் வரலாம். கவனிக்கா விட்டால், உயிரே போகலாம். அதற்கென்று மருந்து உண்டு. பி1 வைட்டமின் ஊசி உண்டு. சில நாட்கள் மருத்துவர் மேற்பார்வையில் இருந்து, மெல்ல வெளியே வர வேண்டும். கடவுள் மீது எனக்கு உள்ள நம்பிக்கை, அன்றும் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. ஆனால், டாக்டர் கையையும் அவர் தானே படைத்தார் என்ற அறிவு, எனக்கு அப்போது இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். மறுபடியும் குடி.

எங்கள் சபையில், ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'அக்கா'. 2011ல், அறுப்பின் பண்டிகை அன்று, அசனச் சாப்பாடு பரிமாறிக் கொண்டிருந்த என் அருகில் வந்து, மெல்லச் சொன்னார்... 'பிள்ளே, வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு, ஓய்வு நாள் பாடசாலை ரூமுக்கு வா. உனக்கு அங்க ஒரு நாற்காலி இருக்கு.'

'அவர் வர மாட்டாருக்கா' என்றேன்.

'அவரை யார் கூப்பிட்டா? உன்னைத் தான் கூப்பிடுறேன்.'

எனக்குக் கோபம் வந்து விட்டது. குடிக்கிறது அவர், கூட்டத்துக்குப் போறது நானா? இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது வாரம், வீட்டில் நடந்த ஒரு சண்டையில் மனம் வெறுத்து, எங்கே போவது என்று தெரியாமல், அங்கே போய் நின்றேன்.

ஏழு பெண்கள், வட்டமாக உட்கார்ந்திருந்தனர். பிளாஸ்க்கில் கடுங்காப்பி. ஒரு சின்ன ஜெபம். பிறகு, அக்கா நான்கே சட்டங்கள் சொன்னார். இங்கே கேட்டதை, இங்கேயே விட்டு விட்டுப் போக வேண்டும். ஒருவர் பேசும் போது, மற்றவர் குறுக்கே புத்தி சொல்லக் கூடாது. கணவர் செய்த அக்கிரமத்தை மட்டும் அடுக்காமல், 'நான் என்ன செய்தேன், எனக்கு எப்படி இருந்தது' என்று பேச வேண்டும். யாராவது அழுதால், 'அழாதே' என்று சொல்லக் கூடாது. அழ விட வேண்டும்.

அன்று நான், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால், ஒரு பெண், 'அவருக்கு காய்ச்சல்னு சொல்லிச் சொல்லி, எனக்கே எது உண்மைன்னு மறந்து போச்சு' என்றார். நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில், முதல் வரிசையில் உட்காரும் ஆசிரியை அவர்! அவர் வீட்டிலும் இதே கதை என்று, பதினைந்து வருடம் ஒரே கோயிலுக்குப் போயும் எனக்குத் தெரியாது. என்னைப் போலவே, அவரும் மறைத்திருக்கிறார்.

இந்த மாதிரிக் கூட்டங்கள் எப்படித் தொடங்கின என்ற கதையை, அக்கா ஒரு நாள் சொன்னார். படிக்கும் சகோதரிகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவில், பில் வில்சன் என்ற பெருங்குடிகாரர், 'ஆக்ஸ்போர்டு குரூப்' என்ற கிறிஸ்தவக் குழுவின் மூலம், 1934 இறுதியில் குடியை விட்டார். அந்தக் குழுவில், தன் குற்றங்களை இன்னொருவரிடம் மனம் திறந்து சொல்வதும், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வதும் முக்கியம். 1935ல், ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இன்னொரு குடிநோயாளியை அவர் சந்தித்தார். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசினாலே, இருவரும் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டனர். அப்படிப் பிறந்தது தான், 'ஏ.ஏ.' எனப்படும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஆரம்ப நாட்களில் அவர்கள் விரும்பிப் படித்தது, மத்தேயு சுவிசேஷத்தில் உள்ள மலைப் பிரசங்கமும், யாக்கோபின் நிருபமும். அவர்களின் 12 படிகள், 1939ல் புத்தகமாக வந்தன. பின்னர், எல்லா மதத்தவரும், மதமே இல்லாதவரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்து விட்டனர். 'கடவுள்' என்று சொன்னாலும், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் தான். அங்கே கட்டணமும் கிடையாது.

எனக்குப் பிடித்தது, அந்த பில் வில்சனின் மனைவி, லோயிஸ் கதை. பதினேழு ஆண்டுகள் கணவரின் குடியோடு போராடியவர். அவர் குடியை விட்டதும், சந்தோஷப்பட வேண்டியது தானே? மாறாக, ஒரு நாள், 'சீக்கிரம் கிளம்பு, கூட்டத்துக்கு நேரமாச்சு' என்று கணவர் சொன்ன போது, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி எறிந்தாராம்! 'நான் இத்தனை வருஷம் செய்ய முடியாததை, யாரோ சிலர் செய்து விட்டார்களே' என்ற ஆற்றாமை. அப்போது தான், தனக்கும் உள்ளே ஒரு காயம் இருக்கிறது என்று புரிந்திருக்கிறது. கணவன்மார் கூட்டம் நடக்கும் போது, வெளியே காத்திருந்த மனைவிமாரை அழைத்துப் பேசத் தொடங்கினார். 1951ல், அது, 'அல்-அனான்' என்ற குடும்பத்தினர் அமைப்பாக ஆனது. தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைக் கேட்ட எனக்கு, லோயிஸ் அம்மா பக்கத்து வீட்டு மைனி போலவே தோன்றியது.

பின்னர், 1991ல், கலிபோர்னியாவில் உள்ள சாடில்பேக் சபையில், ஜான் பேக்கர் என்பவர், தன் குடிநோயிலிருந்து மீண்ட அனுபவத்தை வைத்து, 'செலப்ரேட் ரெகவரி' என்ற திட்டத்தைத் தொடங்கினார். இது, முழுக்க வேதாகமத்தை அடிப்படையாகக் கொண்டது. மலைப் பிரசங்கத்தின் ஆரம்பத்தில், 'பாக்கியவான்கள்' என்று வரும் பகுதியிலிருந்து, எட்டுக் கொள்கைகளை எடுத்து, 12 படிகளோடு சேர்த்திருக்கின்றனர். குடிக்கு மட்டுமல்ல, கோபம், துக்கம், சிறு வயதில் ஏற்பட்ட மனக்காயம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. எங்கள் அக்கா நடத்தியது, பெயர் இல்லாத சின்னக் குழு. இவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எங்கள் ஊருக்குத் தக்கபடி வைத்திருந்தார்.

'அமெரிக்காவில் தானா?' என்று கேட்டதற்கு, அக்கா, நம் சென்னை சாந்தி ரங்கநாதன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். இளம் வயதிலேயே விதவையானாலும் முடங்கி விடாமல், 1980ல், கணவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கி, குடிநோயாளிகளுக்கும், அவர்கள் குடும்பத்தினருக்கும் சிகிச்சை தரும் மையத்தை உருவாக்கினார். 1992ல், 'பத்மஸ்ரீ' விருது பெற்றார். 'குடிக்கிறவன் ஒருத்தன் தான்; நோய், வீட்டுக்கே' என்று அக்கா அடிக்கடி சொல்வார்.

அந்த வீட்டு நோயை, எனக்கு உணர்த்தியது, என் மகள்.

அப்போது அவள், பிளஸ் ஒன். ஒரு நாள் இரவு, கணவர் வரவில்லை என்று வாசலுக்கும், உள்ளுக்குமாய் நடந்துகொண்டிருந்தேன். அவள் புத்தகத்தை மூடி வைத்து, 'அம்மா, நாளைக்கு எனக்கு என்ன பரீட்சைன்னு சொல்லு பார்ப்போம்' என்றாள். எனக்குத் தெரியவில்லை. 'தம்பிக்கு மூணு நாளா காது வலி. அது தெரியுமா?' என்றாள். அதுவும் தெரியவில்லை. 'நீ அப்பாவையே பார்த்துக்கிட்டு இருக்கே. எங்களை யாரும் பார்க்கலைம்மா' என்றாள். கத்தவில்லை, அழவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அவர் அடித்த அடி எதுவும், எனக்கு அப்படி வலித்ததில்லை.

அந்த வியாழக்கிழமை தான், கூட்டத்தில் முதன்முதலாக வாய் திறந்தேன். பொடி கலந்ததைச் சொன்னேன். 'கொலைகாரி' என்று எழுந்து போய் விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு, ஒரு பெண், 'நானும் வாங்கி வெச்சிருக்கேன்க்கா. இன்னைக்குப் போயி, சாக்கடையில கொட்டிருறேன்' என்றாள்.

அதற்குப் பின், அக்கா சொன்னபடி, மூன்று காரியங்களை மனதில் பதிய வைத்தேன். அவர் குடிக்கு நான் காரணம் இல்லை. அதை என்னால் அடக்கவும் முடியாது. அதைக் குணமாக்குவதும் என் கையில் இல்லை. ஆனால், என் வாழ்வும், பிள்ளைகளும் என் கையில்.

போன் வந்தால், 'அவரே பேசுவார்' என்று சொல்லி வைத்து விட்டேன். 'காய்ச்சல்' என்ற பொய்யை நிறுத்தினேன். கடன்காரர் வந்தால், 'வாங்கினவரிடம் கேளுங்க' என்றேன். வாந்தி எடுத்த சட்டையை, இரவோடு இரவாகத் துவைத்து மறைப்பதில்லை. காலையில் அவரே பார்க்கட்டும் என்று விட்டேன். திட்டுவதையும் விட்டேன். மாமியார், 'கல் நெஞ்சுக்காரி' என்றார். ஊரும் சொன்னது. ஆனால், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தையல் எடுத்துத் தைத்தேன். தூங்கினேன்.

இதையும் சொல்ல வேண்டும்... எங்கள் குழுவில், ஒரு பெண்ணைக் கணவர் கண்மண் தெரியாமல் அடிப்பார். 'எழுபது தடவை ஏழு மன்னிக்கணும்னு வேதத்தில் இருக்கே...' என்று அவள் தயங்கிய போது, அக்கா, 'மன்னிக்கிறது மனசுல. அடி வாங்குறது உடம்புல. ரெண்டும் வேற பிள்ளே. முதல்ல நீயும், குழந்தையும் பத்திரமா இருக்கணும்' என்றார். நாங்கள் மூன்று பேர், அவளோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அவள், தாய் வீட்டுக்குப் போனாள். ஐயரம்மாவும் அதற்குத் துணை நின்றார்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை, என் கணவர், தலையைக் குனிந்தபடி, 'உங்க கூட்டம் மாதிரி, ஆம்பளைங்களுக்கு ஏதாவது இருக்கா?' என்று கேட்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனாலும், 'சனிக்கிழமை இருக்கு. அக்காகிட்ட கேட்டுக்கோங்க' என்று மட்டும் சொல்லி, தோசையைத் திருப்பினேன்.

இம்முறை, முதலில் ஆஸ்பத்திரி; மூன்று வாரம். மருந்தோடு உடம்பைத் தேற்றினர். அதன் பின், சனிக்கிழமைக் கூட்டம். ஐந்து மாதம் நன்றாக இருந்தார். கொழுந்தனார் மகன் கல்யாணத்தில், யாரோ, 'ஒரு நாளைக்கு என்ன?' என்று ஊற்றிக் கொடுக்க, மறுபடியும் விழுந்தார். நான் நொறுங்கிப் போனேன். ஆனால், அவருடைய குழுவிலிருந்து இருவர் வீட்டுக்கே வந்தனர். 'ஏன் குடிச்சே?' என்று கேட்கவில்லை. 'இன்னைக்கு ராத்திரி வரைக்கும் குடிக்காம இருக்க முடியுமா? நாங்க கூட இருக்கோம்' என்றனர். மீண்டும் டாக்டர், மீண்டும் முதல் நாள். அதற்குப் பின்னும், ஓரிரு சறுக்கல்.

2012 டிசம்பர் 31, நள்ளிரவு ஆராதனைக்கு, பல வருடங்களுக்குப் பின், குடும்பமாகப் போனோம். அன்று முதல், இதை எழுதும் இந்த நாள் வரை, அவர் குடிக்கவில்லை. தினசரி காலண்டர் தாளை, காலையில் கிழிப்பதில்லை. இரவில் படுக்கும் முன் தான் கிழிப்பார். 'இன்னைக்கு ஒரு நாள் முடிஞ்சுது' என்பார். அவ்வளவு தான். வாழ்நாள் சபதம் எல்லாம், அவர்கள் குழுவில் கிடையாது.

எங்கள் சபையில், திருவிருந்தில் திராட்சை ரசம் உண்டு. அந்த ஒரு வாய் கூட, இவருக்கு ஆபத்து. அதனால், ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி, அப்பம் மட்டும் வாங்கிக் கொள்கிறார். முதல் முறை, பக்கத்தில் முழங்காலில் நின்றவர்கள் பார்த்தனர், நான் வெட்கப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுவதையும் நிறுத்தி விட்டேன். அதற்குப் பதில், மாமியார் தன் கையால் முறுக்கு கூடுதலாகச் சுடுவார். ஆம், என்னைக் 'கல் நெஞ்சுக்காரி' என்றவர், கடைசிக் காலத்தில், 'நீ இல்லேன்னா, எம்மவன் எங்கேயோ போயிருப்பான்' என்றார். 'நான் இல்ல அத்தை' என்று தான் சொன்னேன்.

எல்லாருக்கும் இப்படி முடிந்து விடும் என்று, ஆசை காட்ட மாட்டேன். அன்று வட்டமாக உட்கார்ந்திருந்த ஏழு பெண்களில், இருவரின் கணவர்கள், குடித்தே இறந்து போயினர். அதில் ஒருவர், இன்றும் வியாழக்கிழமை தவறாமல் வருகிறார். 'அவரைக் காப்பாத்த வந்தேன், முடியலை. ஆனா, நான் பிழைச்சுக்கிட்டேன்' என்பார்.

'இதெல்லாம் நம்பிக்கை தானே, நிரூபணம் உண்டா?' என்று, படித்த என் மகன் கேட்டான். அவனே தேடியும் சொன்னான். 2020ல், காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 27 ஆய்வுகளை, 10,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததாம். ஏ.ஏ. குழுக்களுக்குச் செல்லும்படி முறையாக வழிநடத்தப்பட்டவர்கள், குடியை முழுதாக விட்டு இருப்பதில், மற்ற மனநல சிகிச்சைகள் பெற்றவர்களை விடச் சற்று மேலாகவே இருந்தனராம். சபைக் குழுக்களுக்கு அப்படியே இது பொருந்தும் என்று சொல்லி விட முடியாது. ஆனால், கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவதில் பலன் உண்டு என்பது, எங்களுக்கு மட்டும் தோன்றியதல்ல என்று தெரிந்துகொண்டேன்.

சகோதரிகளே, எந்தக் குழுவானாலும், போகும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்:

* 'மருந்தை நிறுத்து, டாக்டர் வேண்டாம்' என்று சொன்னால், அங்கே போகாதீர்கள்.

* 'இத்தனை ஆயிரம் கொடுத்தால் தான் விடுதலை' என்றால், திரும்பி வந்து விடுங்கள்.

* நீங்கள் சொன்ன ரகசியம், மறு வாரம் பிரசங்கத்தில் உதாரணமாக வந்தால், அது நல்ல இடம் இல்லை.

* அடித்து, கட்டி வைத்து, 'திருத்துகிறோம்' என்பவர்களிடம், யாரையும் ஒப்படைக்காதீர்கள். மன நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை, 2017ல் வந்த மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

* உங்கள் மதம் எதுவானாலும், மதம் மாற வேண்டும் என்று நிபந்தனை போட்டால், ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் குழுவில், பக்கத்துத் தெரு இந்து சகோதரி ஒருவர், நெற்றியில் குங்குமத்தோடு தான் வருவார். நாங்கள் ஜெபிக்கும் போது, அவர் கண்ணை மூடி, தன் முருகனைக் கும்பிடுவார். சபைக் கூட்டம் ஒத்து வராது என்பவர்களுக்கு, மதச் சார்பு இல்லாத ஏ.ஏ., அல்-அனான் கூட்டங்கள், நம் மாநிலத்தில் தமிழிலும் நடக்கின்றன.

வெளியே சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு, போன் வசதி இருக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள, 14446. மன வேதனைக்கு, 'டெலி-மனஸ்' 14416. வீட்டில் அடி, உதை என்றால், பெண்கள் உதவி எண், 181. காசு செலவில்லை, பெயர் சொல்லத் தயங்கினாலும், பேசலாம்.

பொடியைப் பற்றிக் கேட்ட அந்தச் சகோதரிக்கு, கடைசியாக ஒரு வார்த்தை.

உங்களைப் போலத் தான் நானும், வழி தெரியாமல் தவித்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால், அந்தப் பொடியை வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால், இன்றே கொட்டி விடுங்கள். அவரைத் திருத்துவதற்கு முன், பிள்ளைகளிடம் போய், 'நாளைக்கு உனக்கு என்ன பரீட்சை?' என்று கேளுங்கள். பிறகு, உங்கள் ஊரில் எங்காவது, வியாழக்கிழமையோ, வேறு கிழமையோ, நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், தேடிப் போங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால், உங்களைப் போலவே, 'அவருக்கு காய்ச்சல்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணையாவது கண்டுபிடித்து, இரண்டு நாற்காலி போடுங்கள். எங்கள் அக்காவும், அப்படித் தான் ஆரம்பித்தாராம்.

அக்கா, இப்போது இல்லை. அவருடைய பிளாஸ்க், என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில், கடுங்காப்பி போடுவது நான் தான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்.